குடும்பத்தார் தேர்ந்தெடுத்த நோய்

கோவிலம்பாக்கம்,
14.6.98

அன்புள்ள அண்ணனுக்கு, தம்பி லோகநாதன் வணக்கத்துடன் எழுதுவது.

சென்ற ஞாயிற்றுக்கிழமை நம் வீட்டுக் கூடத்தில் கூடிய குடும்பசபை, நீண்ட விவாதத்துக்குப் பிறகு, எனக்கு மஞ்சள் காமாலை என்று ஏகமனதாகத் தீர்மானித்தது. தலைமை வகித்தவள் அக்கா கங்கையம்மாள். முன்மொழிந்தவர் அவள் கணவர் துரைராஜ் மாமா. வழிமொழிய வேறு ஆள் இல்லாததால் நானே வழிமொழிந்தேன்.

விவரம் இதுதான். விடாத இருமலுக்காகத் தாம்பரம் சானடோரியத்துக்குப் போயிருந்தேன் அல்லவா? நெஞ்சில் டி.பி. என்றார்கள். பிறகு ரத்தம் எடுத்துப் பார்த்து எச்.ஐ.வி. என்றார்கள். உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, மரியாதையாகவே சொன்னார்கள். வீட்டுக்கு வந்து நான் அப்படியே ஒப்பித்தேன். மாமா எழுந்து போய்த் தெருக்கதவைச் சாத்திவிட்டு வந்தார். அக்கா என்னை ஒரு கேள்வியும் கேட்கவில்லை. நான் எங்கேயோ போயிருக்கிறேன் என்று முடிவு செய்துகொண்டு, எங்கே என்று கேட்காமல் இருப்பதைத் தன் பெருந்தன்மையாக வைத்துக்கொண்டாள். பல்லாவரம் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்துவதும், லைப்ரரிக்குப் போவதும், வீட்டுக்கு வந்து படுப்பதும் தவிர நான் எங்கேயும் போனதில்லை என்பது உங்களுக்குத் தெரியும்.

பிறகு எழுந்த கேள்வி, தெருவுக்கு என்ன வியாதி சொல்வது என்பது. டி.பி. நிராகரிக்கப்பட்டது, மாடியில் குடியிருப்பவர்கள் காலி செய்துவிடுவார்கள். சர்க்கரை என்று சொல்லலாம் என்றேன். இவ்வளவு சின்ன வயதில் யார் நம்புவார்கள் என்றாள் அக்கா. கடைசியில் மாமாதான் வழி கண்டார். “மஞ்சக்காமாலைன்னு சொல்டலாம். கவுரதியா கீது. கலெக்டருக்கே வரும்” என்றார். அக்காவின் முகத்தில் பல நாளைக்குப் பிறகு ஒரு தெளிவு வந்தது.

தீர்மானம் உடனே அமலுக்கு வந்தது. தெருவே வந்து என் இமையை இழுத்துப் பார்க்கிறது. வந்தவர்களில் ஒருவர்கூட மஞ்சள் இல்லை என்று சொல்லவில்லை. ஆளுக்கொரு கொத்துக் கீழாநெல்லி கொண்டுவருகிறார்கள். முன்பு அது நம் ஏரிக்கரையிலேயே முளைத்தது. இப்போது அங்கே மாமா மனை போட்டு ‘லேக் வியூ நகர்’ என்று பெயர் வைத்திருக்கிறார். ஏரிக்குள்ளேயே இருப்பதால் ஏரி தெரியாது என்பது ஒன்றுதான் குறை.

அச்சக முதலாளி ஏகநாதன் நல்ல மனிதர். முடிந்தபோது வந்தால் போதும் என்கிறார். வலி என்று ஒன்றும் இல்லை, அண்ணா. சோர்வுதான். ஒரு பக்கம் திருத்துவதற்குள் இரண்டு முறை மேஜைமேல் தலை சாய்ந்துவிடுகிறது. திருத்தும் புத்தகங்களின் தரத்தால் வரும் தூக்கம் என்று முதலில் நினைத்திருந்தேன்.

அண்ணிக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். உங்கள் பிலாய் இரும்பாலையில் யாராவது விசாரித்தால் அங்கேயும் மஞ்சள் காமாலை என்றே சொல்லுங்கள். ஊருக்கு ஒரு வியாதி என்று வைத்துக்கொண்டால் எனக்கு நினைவிருக்காது.

தங்கள் தம்பி,
லோகநாதன்

*

கோவிலம்பாக்கம்,
23.8.98

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்கள் கடிதமும் அண்ணி அனுப்பிய சால்வையும் வந்தன. ஆகஸ்டு மாதம் கோவிலம்பாக்கத்தில் சால்வை போர்த்தும் நிலையில் நான் இருப்பேன் என்று அண்ணிக்கு எப்படித் தெரிந்தது என்று வியந்தேன். சாயந்திரமானால் போர்த்திக்கொள்கிறேன்.

மஞ்சள் காமாலை என்று சொல்லிவிட்டால் அதற்கு வைத்தியமும் பார்க்கத்தான் வேண்டும். பார்க்காவிட்டால் தெரு சந்தேகப்படும். ஆகவே அக்கா என்னைக் கேளம்பாக்கத்துக்குப் பக்கத்தில் ஒரு வைத்தியரிடம் கூட்டிப்போனாள். அவர் என் இரண்டு கைகளிலும் எதையோ தடவி, சுண்ணாம்புத் தண்ணீர் ஊற்றிக் கழுவினார். தண்ணீர் மஞ்சளாக இறங்கியது. “பாத்தியா, எவ்ளோ பித்தம்!” என்று அக்கா என் தோளைப் பிடித்துக்கொண்டாள். எனக்கு முன்னால் வந்தவருக்கும் மஞ்சளாகத்தான் இறங்கியது. அவர் வைத்தியரின் மைத்துனர். சும்மா பார்த்துவிட்டுப் போக வந்தவர்.

பத்தியம் கடுமையானது. உப்பு, புளி, எண்ணெய் கிடையாது. இங்கிலீஷ் மருந்து அறவே கூடாது. நான் ஒருவன் மட்டும் உப்பில்லாமல் சாப்பிடுவதைப் பார்க்க முடியாமல் அக்காவும் உப்பை விட்டுவிட்டாள். அவளைப் பற்றி நான் எழுதும் மற்றவற்றைப் படிக்கும்போது இதையும் சேர்த்துப் படியுங்கள். என் டி.பி. மாத்திரைகளை எடுத்து அரிசி டிரம்முக்குள் ஒளித்துவைத்தாள். நான் காலையில் அவள் குளிக்கும் நேரத்தில் எடுத்து விழுங்குகிறேன். அட்டையில் மாத்திரை குறைவதை அரிசி எடுக்கும்போது அவள் பார்க்காமல் இருக்க முடியாது. இது பற்றி எங்களுக்குள் பேச்சு இல்லை.

இந்நிலையில் வாந்தியும் வயிற்றின் வலப்பக்கம் ஒரு கனமும் வந்ததால் சானடோரியத்துக்குப் போனோம். அங்கே ஆராய்ச்சிக்காக வந்திருக்கும் ஓர் இளம் டாக்டரம்மா இருக்கிறார். ரத்தத்தை வெளியே ஏதோ ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பிப் பார்த்தார். என் ஈரலில் இன்னொரு வைரஸ் இருக்கிறதாம். ஹெபடைடிஸ் சி. இதைக் கண்டுபிடித்துப் பேர் வைத்தே பத்து வருஷம்தான் ஆகிறது என்றார். பேர் வைப்பதற்கு முன்பே அது எனக்குள் குடிவந்திருக்கலாம். வருஷக்கணக்கில் சத்தமில்லாமல் இருக்குமாம். கண்ணில் மஞ்சள்கூடக் காட்டாதாம். முதல் வைரஸும் கூட இருந்தால் இது வேகமாக வேலை செய்யுமாம். டி.பி. மாத்திரை நெஞ்சுக்கு நல்லது, ஈரலுக்குக் கெடுதல். மாத்திரையை நிறுத்தினால் ஈரல் பிழைக்கும், நெஞ்சு போகும். இலை மருந்தைத் தொடவே வேண்டாம் என்றார். சி வைரஸுக்கு ஊசி உண்டா என்று கேட்டேன். உண்டு என்றார். விலையைக் கேட்டேன். அவர் பேனா மூடியைத் திறந்து திறந்து மூடினார்.

பிறகு இரண்டு வைரஸும் சேர்ந்து இருந்தால் பெரும்பாலும் ரத்தத்தின் வழியாகத்தான் வந்திருக்கும் என்று சொல்லி, எப்போதாவது ரத்தம் ஏற்றிக்கொண்டீர்களா என்று கேட்டார். பத்து வருஷத்துக்கு முன்னால் பல்லாவரத்தில் கல் லாரி என் சைக்கிள்மேல் ஏறியதைச் சொன்னேன். அந்த ரத்தம் யார் கொடுத்தது, எங்கிருந்து வந்தது என்று கேட்டார். எனக்குத் தெரியாது என்றேன். பொய் இல்லை. நான் அன்று மயக்கத்தில் இருந்தேன். மற்றவர்களுக்கு நினைவிருக்கிறதா என்று அவர் கேட்கவில்லை.

அன்றைய கதையை அக்கா இன்றும் சொல்வாள். நர்சிங் ஹோம் வாசலில் நம் சொந்தக்காரர்கள் ஒரு கல்யாணத்துக்கு வந்ததுபோல் கூடியிருந்தார்களாம். ரத்தம் வேண்டும் என்றதும் சித்தப்பாவுக்கு விரதம் நினைவுக்கு வந்ததாம். மாமாவுக்குப் பத்திரப் பதிவு இருந்ததாம். ரத்தம் கொடுத்தால் ஆண்மை போய்விடும் என்று யாரோ சொல்ல, மீதிப் பேர் டீ குடிக்கப் போய்விட்டார்களாம். உங்கள் ரத்தம் எனக்குச் சேரவில்லை. நீங்கள் ஒருவர்தான் வெயிலில் ஓடி, காசுக்கு ரத்தம் விற்கும் ஆளைப் பிடித்து, பாட்டில்களை வாங்கிக்கொண்டு வந்தீர்கள். நீங்கள் இல்லாவிட்டால் நான் அன்றைக்கே போயிருப்பேன். அது சத்தியம். அதற்குமேல் இதில் எழுத ஒன்றும் இல்லை.

இனி ஒரு சிக்கல். டாக்டரம்மா பேசியதை வாசல் பெஞ்சில் உட்கார்ந்து அக்கா கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் காதில் விழுந்தது ‘ஈரல்’ ஒன்றுதான். திரும்பும்போது பஸ்ஸிலேயே சந்தோஷத்தில் அழுதாள். “நான் அப்பவே சொன்னேன் பாரு! மஞ்சக்காமாலைதான்! டாக்டரம்மாவே ஈரல்னு சொல்ட்டாங்க” என்றாள். ஆக, அவள் கணக்கில் நாம் ஊருக்குச் சொன்னதே உண்மை. முதலில் வந்த ரத்த ரிப்போர்ட் வேறு எவனுடையதோ மாறி வந்துவிட்டது. மேடவாக்கம் கூட்டு ரோட்டில் இறங்கிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தாள். நான் விளக்கலாம் என்று வாயெடுத்தேன். ஆனால் அவள் அவ்வளவு சந்தோஷமாக இருந்து பார்த்து வெகுநாளாயிற்று. எனக்கும் நிற்க முடியவில்லை. வீட்டுக்குப் போய்ச் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

அண்ணிக்கு நன்றி.

தங்கள் தம்பி,
லோகநாதன்

*

கோவிலம்பாக்கம்,
4.10.98

அன்புள்ள அண்ணனுக்கு,

போன கடிதத்துக்குப் பதில் இல்லை. பிலாயில் உங்களுக்கு ஓவர்டைம் என்று அக்காவிடம் சொல்லிவைத்திருக்கிறேன்.

இந்தக் கடிதம் அவசரம். சோர்வில் வளவளவென்று எழுதினாலும் அவசரம் என்றே படியுங்கள்.

அக்கா எனக்குப் பெண் பார்த்துவிட்டாள். காமாலை இறங்கிவிட்டதாம்; கேளம்பாக்கத்து வைத்தியர் மறுபடியும் கழுவியபோது தண்ணீர் வெள்ளையாக வந்தது. லாரி ஏறிய கால் சற்று இழுப்பதால் இத்தனை நாள் தள்ளிப்போன கல்யாணத்தைக் கார்த்திகையில் முடித்துவிட வேண்டும் என்கிறாள். பெண் பொழிச்சலூர். பெயர் தனம். அப்பா சிட்டிபாபு, தச்சுப் பட்டறை வைத்திருக்கிறார். அவள் பம்மலில் ஓர் எஸ்.டி.டி. பூத்தில் வேலை பார்க்கிறாள். சீர் செய்ய வசதியில்லாததால் வந்த இடமெல்லாம் தட்டிப்போயிருக்கிறது. நாம் ஒன்றும் கேட்காததால் மாமாவைத் தெய்வமாகப் பார்க்கிறார்கள்.

பெண் பார்க்கும் அன்று கேசரியும் பஜ்ஜியும் வைத்தார்கள். நான் தொடவில்லை. அந்தப் பெண் தயங்காமல் நேராகவே கேட்டாள்: “காமாலைன்னு சொன்னாங்களே, எத்தினி நாளிக்கு உப்பு சேக்கக்கூடாது?” கல்யாணமான பிறகு சமைக்க வேண்டுமே என்று இப்போதே கேட்டுவைத்துக்கொள்கிறாள். கூட்டத்தில் எல்லாரும் சிரித்தார்கள். என்னிடம் இந்த வருஷத்தில் யாரெல்லாமோ கேட்ட கேள்விகளிலேயே பொறுப்பானது அது.

அன்றிரவே அக்காவிடமும் மாமாவிடமும் எச்.ஐ.வி. என்ற பேரைச் சொல்லியே பேசினேன். எனக்கிருப்பது நிஜம், கல்யாணம் செய்தால் அந்தப் பெண்ணுக்கும் போகும், பிள்ளை பிறந்தால் அதற்கும் போகலாம் என்றேன். அக்கா, “இன்னாடா பேஜார் பண்றே? நல்ல காரியம் பேசற எடத்துல அத்தெல்லாம் பேசாதே. அந்த மொத காயிதம் உன்னுது இல்ல” என்றாள். மாமா, “கண்ணாலம் ஆச்சின்னா ஒடம்பு தானா தேறிடும்பா. ஊர்ல எவனுக்கு இன்னா இல்ல?” என்றார். டாக்டரம்மாவே பேசுவதாகச் சொன்னார். ஈரல் சரியான பிறகு ஆஸ்பத்திரி எதற்கு என்று அக்கா வர மறுத்துவிட்டாள். நோயாளி சொன்னால் அது நோயின் பேச்சு. தெருவுக்காக ஒரு வியாதியைச் சொன்னோம். இப்போது வீட்டிலும் அதுதான் இருக்கிறது, என் வியாதிக்கு இடமில்லை.

பத்திரிகை நம் அச்சகத்துக்கே வந்தது. என் கல்யாணப் பத்திரிகைக்கு நானே மெய்ப்புப் பார்த்தேன். பிழை இல்லை. அப்பா இல்லாததால் மூத்தவர் என்ற முறையில் உங்கள் பெயரில்தான் அடிக்கிறார்கள். ‘எனது இளைய சகோதரன் திருவளர்செல்வன் லோகநாதனுக்கும்’ என்று நீங்கள் சொல்கிறீர்கள். கீழே ‘தங்கள் நல்வரவை விரும்பும் ச. அரிகிருஷ்ணன், பிலாய்’. உங்கள் சம்மதம் எழுத்தில் வராமல் அடிக்க வேண்டாம் என்று ஏகநாதன் நிறுத்திவைத்திருக்கிறார். நான்தான் கேட்டுக்கொண்டேன்.

அண்ணா, அக்கா உங்கள் பேச்சைத் தட்ட மாட்டாள். ‘இந்தக் கல்யாணம் வேண்டாம், அவனுக்கு அந்த நோய் இருக்கிறது, அது உண்மை’ என்று உங்கள் கையால் நாலு வரி எழுதுங்கள். எப்படி வந்தது என்று எழுத வேண்டியதில்லை. வந்திருக்கிறது என்று மட்டும் எழுதினால் போதும்.

தீபாவளிக்குள் கிடைத்தால் நல்லது.

தங்கள் தம்பி,
லோகநாதன்

*

15.11.98

அன்புள்ள அண்ணனுக்கு,

தீபாவளிக்கு முந்தின நாள் உங்கள் மணியார்டர் வந்தது. கூப்பனில் நீங்கள் எழுதியிருந்ததை அக்கா எல்லாருக்கும் கேட்கும்படி வாசித்தாள்: ‘என் பெயரைப் போட்டுக்கொள்ளவும். லீவு கிடைக்காது. தம்பி, உடம்பைப் பார்த்துக்கொள்.’ கூப்பனில் இடம் குறைவு என்பது எனக்குத் தெரியும். மாமா அதை எடுத்துக்கொண்டு நேராக அச்சகத்துக்குப் போனார்.

மறுநாள் ஊரே வெடி வெடித்துக்கொண்டிருந்தபோது நான் பொழிச்சலூருக்குப் புறப்பட்டேன். நான் கண்ட ஒரே சுலபமான வழி அது. தீபாவளி அன்று எண்ணெய் தேய்த்துக்கொள்ளாத மாப்பிள்ளை எங்கே போகிறான் என்று யாரும் கவனிக்கவில்லை. வழியில் உட்கார்ந்து உட்கார்ந்துதான் போக முடிந்தது.

சிட்டிபாபு மரியாதையாக நாற்காலி போட்டார். எனக்கு உடம்பில் ஒரு கோளாறு இருக்கிறது, கல்யாணம் வேண்டாம் என்று ஆரம்பித்தேன். அவர் முகம் மாறிவிட்டது. “தம்பி, சுத்தி வளைக்காதீங்க. ஸ்கூட்டரா? நேரா கேளுங்க” என்றார். டி.பி. என்றேன். “மோதிரம் வேணா ஒண்ணு சேத்துப் போட்டுடறேன்” என்றார். ஈரல் என்றேன். மாப்பிள்ளை வீட்டார் கடைசி நேரத்தில் ஏதோ ஒரு குறை சொன்னால் அதற்கு ஒரு விலை உண்டு என்பதில் அவருக்கு இருந்த அனுபவம் அப்படி. நான் வியாதிகளை ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல அவர் பட்டறை மிஷினை விற்கும் வரைக்கும் வந்துவிட்டார்.

உள்ளே இருந்து தனம் வந்து, “அப்பா, அவரு கேக்கல. சொல்றாரு” என்றாள். பிறகு என்னைப் பார்த்து, “இன்னா வியாதி?” என்றாள். சொன்னேன். பூத்தில் எதிர்ச்சுவரில் அரசாங்கம் ஒட்டிய எய்ட்ஸ் போஸ்டரைத் தினமும் பார்ப்பவள், மறுபடி கேட்கவில்லை. “உங்க வூட்ல தெரியுமா?” என்றாள். தெரியும் என்றேன். “தெரிஞ்சா?” என்றாள். “ஆட்டோல போங்க, நடக்காதீங்க” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

சாயந்திரம் சிட்டிபாபு நாலு பேரோடு நம் தெருவுக்கு வந்தார். அவர் கத்தியதில் நியாயம் இருந்ததால் யாரும் தடுக்கவில்லை. “காமாலைன்னு சொல்லி என் பொண்ணைக் கொல்லப் பாத்தீங்களே, நீங்கள்லாம் மன்சங்களா?” என்று கேட்டார். மாமா வாசலில் நின்று, “நான் சொன்னது காமாலை. டாக்டரே சொல்லிக்கீறாங்க. வேணும்னா ரிப்போர்ட்டைப் பாரு” என்றார். ஈரல் ரிப்போர்ட்டையும் கொண்டுவந்து காட்டினார். அது உண்மையான ரிப்போர்ட்தான்.

அக்கா மறுநாள் சோறு போடும்போது, “அந்த மொத காயிதம் உன்னுதுதானாடா?” என்று கேட்டாள். ஆமாம் என்றேன். “அப்பவே கெட்டியா சொல்லக்கூடாதா?” என்றாள். சொல்லியிருக்கலாம். பஸ்ஸில் அவள் சந்தோஷத்தைப் பார்த்துக்கொண்டு பேசாமல் வந்தவன் நான்தானே. அவள் தட்டைக் கழுவக்கூட எழாமல் வெகுநேரம் என் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். கடைசியில், “அப்ப உனுக்கு எப்டி வந்துது?” என்று கேட்டாள். முதல் தடவையாகக் கேட்கிறாள். தெரியவில்லை என்று சொல்லிவிட்டேன். அவளாக அன்றைய நர்சிங் ஹோம் கதையோடு இதைச் சேர்த்துப் பார்க்க மாட்டாள். நானும் சேர்க்க மாட்டேன்.

உடம்பு பற்றிச் சொல்ல வேண்டுமானால், ஈரல் மோசமாகிவிட்டதால் டி.பி. மாத்திரையை இப்போதைக்கு நிறுத்தியிருக்கிறார்கள். வயிற்றில் நீர் சேர்ந்திருக்கிறது. கண் இப்போதுதான் நிஜமாகவே மஞ்சளாகியிருக்கிறது. இமையை இழுத்துப் பார்க்கத் தெருவிலிருந்து யாரும் வருவதில்லை.

அண்ணா, நீங்கள் கூப்பனில் எழுதாமல் விட்டதைப் பற்றி நான் யோசிக்கவில்லை. படுத்திருப்பவனுக்கு யோசிக்க நிறைய நேரம் இருந்தும் யோசிக்கவில்லை. அந்த வெயிலில் நீங்கள் ஓடியதற்கு எனக்குப் பத்து வருஷம் கிடைத்தது. அதில் எத்தனையோ புத்தகம் படித்தேன், திருத்தினேன், பல்லாவரம் ஸ்டேஷனில் மழையை வேடிக்கை பார்த்தேன். ஒரு பெண் என்னிடம் உப்புக் கேள்வி கேட்டாள். வேறு யார் எனக்கு இவ்வளவு வாங்கிக் கொடுத்தார்கள்?

பதில் எழுதக் கஷ்டமாக இருந்தால் எழுத வேண்டாம். ஒருமுறை வாருங்கள். ஏன் எழுதவில்லை என்று கேட்க மாட்டேன். பக்கத்தில் உட்கார்ந்து பிலாய் இரும்பைப் பற்றி ஏதாவது சொல்லுங்கள், நான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். நீங்களும் அண்ணியும் பிள்ளைகளும் நோய்நொடி இல்லாமல் நூறு வருஷம் இருக்க வேண்டும்.

தங்கள் தம்பி,
லோகநாதன்

பி.கு. மாடியில் இருந்தவர்கள் காலி செய்துவிட்டார்கள். மாமா என் கட்டிலைப் பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிட்டார். இனிமேல் கடிதத்தை ஆண்கள் வார்டு, அரசு மருத்துவமனை, தாம்பரம் சானடோரியம், சென்னை-47 என்ற முகவரிக்கு அனுப்பவும்.